கோடு போடுவது யார்?

பெங்களூரில் ஆட்டோவில் ஏறி ‘மெஜஸ்டிக்’ என்றால் போதும், டிரைவர் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடுவார். ‘கெம்பேகவுடா பேருந்து நிலையம்’ என்று அதிகாரபூர்வமான பெயரைச் சொன்னால் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்த மெஜஸ்டிக் தியேட்டர் மறைந்துவிட்டது, பெயர் மறையவில்லை. டில்லியில் 1995-ல் கன்னாட் பிளேஸுக்கு ராஜீவ் சௌக் என்று பெயர் சூட்டினார்கள். மெட்ரோ நிலையம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது, மக்கள் இன்னமும் ‘சிபி’யில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். கொல்கத்தாவில் தர்மதலா தெரு லெனின் சரணியாகிப் பல பத்தாண்டுகள் ஆகியும் பஸ் கண்டக்டர் கூவுவது ‘தர்மதலா’ என்றுதான்.

இந்த ஊர்களுக்கு ஒரு வரைபடம் போட வேண்டுமென்றால் எந்தப் பெயரை எழுதுவது? அரசுத் துறைக்கு இதில் குழப்பமே கிடையாது. அரசாணையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். ஆனால் மக்களே கூடி ஒரு வரைபடம் தயாரிக்கும்போது அது அன்றாடச் சண்டையாகிவிடுகிறது. இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் வரைந்துவரும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற கணினி வரைபடத்தில் இந்தச் சண்டை அதன் குழந்தைப் பருவத்திலிருந்தே நடக்கிறது. அரசின் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்வதா, ஊரில் நடந்து பார்த்தவர் சொல்வதை எழுதுவதா? மேலோட்டமாகப் பார்த்தால் கம்ப்யூட்டர்காரர்களின் தகராறு. ஆனால் ஒருவரின் நிலம் அவருடையதுதானா, ஒரு குடியிருப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்விகளும் இதற்குள்தான் இருக்கின்றன.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் லண்டனில் பிறந்தது. ஸ்டீவ் கோஸ்ட் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்தார். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே, மக்கள் வரிப்பணத்தில் உருவான தகவல்களை அந்த மக்களுக்கே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. பதிப்புரிமை வேறு. ஆகவே கையில் ஜிபிஎஸ் கருவியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தும் சைக்கிள் ஓட்டியும் தாங்களே ஒரு வரைபடம் தயாரித்துக்கொள்வது என்று அவரும் நண்பர்களும் முடிவு செய்தார்கள். அவர்களது அடிப்படை விதி எளிமையானது: தரையில் இருப்பதை எழுது. காகிதத்தில் இருப்பதை அல்ல.

விதி எளிது, வேலை பெரிது. மூன்றே வருடங்களில் குறுக்குவழிக்கான ஆசை வந்தது. 2007-ல் ஏஎன்டி என்ற டச்சு நிறுவனம் நெதர்லாந்தின் தெருக்கள் முழுவதையும், இந்தியா, சீனாவின் பிரதான சாலைகளையும் அன்பளிப்பாகக் கொடுத்தது. இந்தியாவின் வெற்று வரைபடத்தில் பெரிய சாலைகள் சில அப்படித்தான் வந்து சேர்ந்தன. அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னும் பெரிய இறக்குமதி தொடங்கியது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் ‘டைகர்’ என்ற பெயரில் நாடு முழுமைக்குமான தெருப்பட்டியல் இருந்தது. பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்து. 2007, 2008-ல் அதை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

கொட்டிய பிறகுதான் தெரிந்தது. பல ஊர்களில் சாலைகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிக் கிடந்தன. இல்லாத சாலைகள் இருந்தன. பண்ணை வீட்டுக்குப் போகும் வண்டித்தடம் குடியிருப்புத் தெருவாகக் காட்சியளித்தது. இதில் அந்தத் துறையைக் குறை சொல்வதற்கில்லை. கணக்கெடுப்பு ஊழியருக்குத் தெரிய வேண்டியது எந்த வீடு எந்தத் தெருவில், எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதுதான். தெரு எங்கே வளைகிறது என்பது அவருக்கு முக்கியமில்லை. அவருக்காகத் தயாரித்ததைக் காரோட்டியிடம் கொடுத்தால் அவர் திண்டாடத்தான் செய்வார். இறக்குமதியான ஒவ்வொரு சாலையின்மீதும் ‘இன்னும் சரிபார்க்கப்படவில்லை’ என்று ஒரு குறிப்பைப் போட்டு வைத்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குறிப்பு நீங்காத சாலைகள் அமெரிக்காவில் ஏராளம்.

இந்த அனுபவத்திலிருந்து இரண்டு கட்சிகள் உருவாயின. ஜெர்மனியைப் பாருங்கள், பெரும்பாலும் நடந்தே வரைந்தார்கள், அதனால்தான் அங்கே தன்னார்வலர் கூட்டம் பெருகியது என்பது ஒரு கட்சி. ஏற்கெனவே நிரம்பிய வரைபடத்தைப் பார்க்கும் புதியவருக்குத் தனக்கு வேலையில்லை என்று தோன்றிவிடும் என்பது அவர்கள் வாதம். வெற்றுக் காகிதத்தைப் பார்த்தால்தான் புதியவர் மிரண்டு ஓடுவார், ஏதோ ஒன்று இருந்தால் திருத்தவாவது வருவார் என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதனால் விவாதம் முடியவில்லை.

இந்தியாவுக்கு இந்த விவாதம் பல காலம் ஓர் ஆடம்பரமாகவே இருந்தது. இறக்குமதி செய்ய ஏதாவது கிடைத்தால்தானே! இந்திய நில அளவைத் துறை 1767-ல் தொடங்கியது. நாட்டையே முக்கோணங்களாக அளந்த மாபெரும் அளவைப் பணி 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் போட்ட அடிக்கோட்டில் ஆரம்பமானது. இத்தனை பழமையான துறையின் வரைபடங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் பாதுகாப்பு ரகசியம் போலவே காக்கப்பட்டன. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2016-ல் ஒரு மசோதா வரைவு வெளியானது. அனுமதியில்லாமல் நிலத் தகவல்களைத் திரட்டினால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை என்று அது மிரட்டியது. எதிர்ப்பு கிளம்பவே கைவிடப்பட்டது. 2021 பிப்ரவரியில் காற்று திசை மாறியது. இந்தியர்கள் முன் அனுமதியில்லாமல் வரைபடம் தயாரிக்கலாம், தகவல் சேகரிக்கலாம் என்று புதிய நெறிமுறைகள் வந்தன. தேச எல்லை விஷயத்தில் மட்டும் சலுகை கிடையாது. நில அளவைத் துறையின் படத்துக்கு மாறாக இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்கிற 1961-ம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

ஆக, கதவு ஓரளவு திறந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது? முதலில் கண்ணில் படுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியல். 2011 கணக்குப்படி நாட்டில் சுமார் 6.4 லட்சம் கிராமங்கள். கம்ப்யூட்டரில் ஒரு ராத்திரியில் ஏற்றிவிடலாம். ஆனால் இந்தக் ‘கிராமம்’ என்பது என்ன? வருவாய்த் துறை வரி வசூலுக்காக எல்லை கட்டி எண் கொடுத்த ஒரு நிலப்பரப்பு. அதில் ஆள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 6.4 லட்சத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஆளே இல்லாதவை. வடநாட்டு வருவாய் அலுவலகங்களில் இதற்கு ‘பேச்சிராக்’ என்று ஒரு சொல் உண்டு. விளக்கில்லாத ஊர் என்று பொருள். மறுபக்கம், ஒரே வருவாய் கிராமத்துக்குள் ஐந்தாறு குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று தள்ளிக் கிடக்கும். பீகாரில் அவை ‘டோலா’, ராஜஸ்தானில் ‘டாணி’, மகாராஷ்டிரத்தில் ‘பாடா’. பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. ஆகவே இந்தப் பட்டியலை மட்டும் நம்பி வரைந்தால் ஆளில்லாத ஊருக்குப் பெயர் இருக்கும், ஆள் வாழும் ஊருக்குப் பெயர் இருக்காது.

இரண்டாவது தொல்லை காலம். 2011 பட்டியலில் தெலங்கானா என்ற மாநிலமே கிடையாது. 2014 ஜூனில் அது பிறந்தபோது 10 மாவட்டங்கள். 2016-ல் 31 ஆயின. 2019-ல் 33. ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 2022 ஏப்ரலில் 26 ஆகப் பிரிந்தன. தமிழ்நாட்டிலும் 32 மாவட்டங்கள் 38 ஆகிவிட்டன. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. இடையில் பழைய எல்லைகளை இறக்குமதி செய்தவர் அந்த வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். அடுத்த மாவட்டம் பிரியும்போது திருத்த வருபவர் யார்? நடந்து வரைந்தவருக்குத் தன் தெருவின்மீது ஒரு பாசம் உண்டு, பாலம் இடிந்தால் வந்து மாற்றுவார். மொத்தமாகக் கொட்டிய தகவலுக்குச் சொந்தக்காரர் இல்லை.

மூன்றாவது தொல்லை எழுத்து. அரசுப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தின் ஒரே ‘எல்’ தமிழில் ல-வாகவும் இருக்கலாம், ள-வாகவும் இருக்கலாம், ழ-வாகவும் இருக்கலாம். குறிலா நெடிலா என்பதையும் அது சொல்லாது. அங்கிருந்து இயந்திரத்தை வைத்து மறுபடி தமிழுக்கோ கன்னடத்துக்கோ மாற்றினால் ஊர்க்காரருக்கே தன் ஊர் அடையாளம் தெரியாமல் போகும். இதைச் சரிசெய்ய மேலிருந்து முயன்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்றி ஆணை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டல் பலவற்றுக்குக் கேலியும் விமர்சனமும் கிளம்பின. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாட்களில் யாராவது அவசரப்பட்டு அதை ஒரு வரைபடத்தில் ஏற்றியிருந்தால், அரசே கைவிட்ட பெயர்கள் அங்கே அதிகாரபூர்வமான பெயர்களாக நிலைத்திருக்கும்.

இவ்வளவையும் கேட்டால் ஊர்க்காரர் சொல்வதே வேதம் என்று முடிவுகட்டத் தோன்றும். சில சமயம் அதுதான் உண்மை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்ற தகவல் எந்த அரசுப் பட்டியலிலும் இல்லை. தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து ஒரு வரைபடத்தைத் திறந்துவிட்டார்கள். மக்கள் தங்கள் தெருவைத் தொட்டால் அது வெள்ளத்தில் இருப்பதாகப் பதிவாகும். சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்கள் பதிவாயின. அந்த அறிவு அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றவரிடம் மட்டுமே இருந்தது.

ஆனால் ‘ஊர்க்காரர்’ யார்? கம்ப்யூட்டர் வரைபடத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் நகரத்து ஆண்கள், ஆங்கிலம் படித்தவர்கள். அவர்கள் வரையும் வரைபடத்தில் காபிக் கடையும் ஏடிஎம்மும் சீக்கிரம் வந்துவிடும். ரேஷன் கடையும் அடிபம்பும் அங்கன்வாடியும் காத்திருக்கும். ஒடிசாவின் மலைக் கிராமத்தில் தன்னார்வலரே கிடையாது. அங்கே அரசின் பட்டியலையும் வேண்டாமென்றால் மிஞ்சுவது வெற்றிடம்தான்.

கிராமத்துக்குள்ளே போனாலும் இந்தக் கேள்வி விடாது. 1980-களின் இறுதியிலும் 90-களிலும் கர்நாடகத்தில் மைராடா, குஜராத்தில் ஆகா கான் கிராம ஆதரவுத் திட்டம் போன்ற அமைப்புகள் ஊர் மக்களையே தரையில் கோலப்பொடியால் தங்கள் ஊரை வரையச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வியக்கத்தக்க துல்லியத்துடன் வரைந்தார்கள். கூடவே இன்னொன்றும் புரிந்தது. ஆண்கள் வரைந்தால் வயலும் சாலையும் பெரிதாக வரும். பெண்கள் வரைந்தால் தண்ணீரும் விறகும் கிடைக்கும் இடங்கள் வரும். இரண்டும் ஒரே ஊர்தான். சாதி இன்னும் மோசமாக மறைக்கும். பீகாரில் தலித் குடியிருப்பை ‘தக்கின் டோலா’ என்பார்கள், தெற்குக் குடியிருப்பு. ஊரை வரையச் சொன்னால் அதை விட்டுவிட்டு வரைபவர்கள் உண்டு. பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல, அவர்கள் மனதில் ஊர் என்பது அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘ஊர்’ வேறு, ‘காலனி’ வேறு என்ற பேச்சு நம்மிடமும் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் உணர்ச்சியில்லாத கணக்கெடுப்புப் படிவமே நியாயமாக நடந்துகொள்ளும். அது எல்லா வீட்டையும் எண்ணுகிறது.

ஆகவே இது அரசா, ஊரா என்ற சண்டை அல்ல. ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்துவது எப்படி என்பதுதான் விஷயம். இதற்குக் கேரளம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி காட்டியது. 1991-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டதும், அந்த இயக்கத்தில் உழைத்த தன்னார்வலர்களை அடுத்து என்ன செய்யச் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் திருவனந்தபுரத்திலிருந்த புவி அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து பஞ்சாயத்து வள வரைபடத் திட்டத்தைத் தொடங்கின. வருவாய்த் துறையின் புல வரைபடம் அடித்தளம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர் இளைஞர்கள் துண்டு துண்டாக ஒவ்வொரு நிலத்துக்கும் போய், என்ன பயிர், எங்கே கிணறு, எந்தக் கிணறு எப்போது வற்றும் என்று எழுதினார்கள். மண்ணையும் பாறையையும் விஞ்ஞானிகள் பார்த்துக்கொண்டார்கள். கண்ணூர் மாவட்டத்தின் கல்லியாசேரி பஞ்சாயத்து இதில் பெயர் பெற்றது. 1996-ல் கேரளம் தொடங்கிய மக்கள் திட்டத்துக்கு இத்தகைய முயற்சிகளே முன்னோடி. அரசின் கோடும் ஊராரின் குறிப்பும் அங்கே ஒரே காகிதத்தில் சேர்ந்தன.

ஒரே காகிதத்தில் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை வனவாசிகளைக் கேட்டால் சொல்வார்கள். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடியினர் பட்டா கோரலாம். எதெல்லாம் சாட்சி என்று விதிகள் சொல்கின்றன. அரசு ஆவணம் சாட்சி. ஊர்ப் பெரியவரின் வாக்குமூலமும் சாட்சி. பழைய கிணறு, இடுகாடு, சாமியிடம் எல்லாம் சாட்சி. ஆனால் குஜராத்தில் செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று சொல்லிக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. மலைச்சரிவில் சிறு துண்டு நிலம், நடுவே வெட்டாமல் விட்ட இலுப்பை மரம், விதைப்புக்கு முன்பான வறண்ட மாதம். வானத்திலிருந்து பார்த்தால் அது காடு. கீழே நின்று பார்த்தால் ஒரு குடும்பத்தின் சோறு.

நர்மதா மாவட்டத்துக் கிராமத்தார் இதற்குப் பதிலடியாகப் படத்தைத் தூக்கி எறியவில்லை. ஆர்ச் வாஹினி என்ற அமைப்பின் துணையோடு ஊர் இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியைப் பழகிக்கொண்டார்கள். ஒவ்வொரு நிலத்தின் வரப்பையும் உரியவரோடு சுற்றி நடந்து, அந்தக் கோட்டை அதே செயற்கைக்கோள் படத்தின்மீது பொருத்திக் காட்டினார்கள். செயற்கைக்கோள் படம் மற்ற சாட்சிகளுக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது என்று 2012-ல் விதி திருத்தப்பட்டது. படத்தை மட்டும் வைத்துக் கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது சரியல்ல, மறுபடி பரிசீலியுங்கள் என்று 2013-ல் குஜராத் உயர் நீதிமன்றமும் சொன்னது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2019 பிப்ரவரியில் நாடு முழுக்கத் தெரிந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நிராகரிப்புகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதே மாத இறுதியில் நீதிமன்றமே அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. எத்தனை நிராகரிப்புகளில் ஊராரின் பேச்சைக் கேட்டார்கள் என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது.

எல்லை குறிப்பதில் மேலிருப்பவரும் ஊராரும் சேர்ந்து நடப்பது புதிதல்ல. சோழர் செப்பேடுகளைப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. நிலதானம் பற்றிய அரசனின் ஓலை வரும். நாட்டார் அதை எதிர்கொண்டு வாங்குவார்கள். பெண் யானையை நடக்கவிட்டு எல்லையைச் சுற்றி வருவார்கள். கல்லும் கள்ளியும் நடுவார்கள். பிறகு எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எந்தக் குளத்துக்குத் தெற்கு என்று ஊர்ப்பேச்சில் எழுதி அனுப்புவார்கள். ஆணை மேலிருந்து வந்தது, எல்லை கீழிருந்து போனது.

இப்போது யானைக்குப் பதில் டிரோன். 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வாமித்வா’ திட்டத்தில் கிராமக் குடியிருப்பு நிலங்களை நில அளவைத் துறை டிரோன்களை வைத்துப் படமெடுக்கிறது. வீட்டுக்காரருக்குச் சொத்து அட்டை கிடைக்கும், அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம் என்பது நோக்கம். இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. டிரோன் பறப்பதற்கு முன் ஊர்க்காரர்கள் தங்கள் மனையைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும். கோடு இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த காமிராவுக்கும் எது யாருடைய முற்றம் என்று தெரியாது. படம் தயாரான பின் ஊரில் வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

சுண்ணாம்பு போடும் நாளில் வேலை தேடிச் சூரத்துக்குப் போனவர் ஊரில் இல்லையென்றால்? கணவனை இழந்த பெண்ணின் மனையில் மைத்துனர் கோடு போட்டால்? தெற்குக் குடியிருப்புக்குப் பொடியே போகவில்லையென்றால்? தொழில்நுட்பத்தில் இதற்கு விடையில்லை. ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தை யார் கூட்டுகிறார்கள், அங்கே யார் பேசமுடிகிறது என்பதில்தான் விடை.

கம்ப்யூட்டர் வரைபடக்காரர்களும் சுற்றி வளைத்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மொத்தமாகத் தகவல் கொண்டுவருபவர் முதலில் அந்தப் பகுதித் தன்னார்வலர்களிடம் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும், எங்கிருந்து, எந்த உரிமையில் எடுத்தது என்று எழுதிவைக்க வேண்டும், தனிக் கணக்கிலிருந்து ஏற்ற வேண்டும் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இன்று நெறிமுறை இருக்கிறது. பெயர்ச் சண்டைக்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஓர் இடத்துக்கு வழக்குப் பெயர், அதிகாரபூர்வமான பெயர், பழைய பெயர், ஒவ்வொரு மொழியிலும் ஒரு பெயர் என்று எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதலாம். மெஜஸ்டிக்கும் கெம்பேகவுடாவும் ஒரே புள்ளியில் இருக்கலாம், இடம் போதும். டோலாக்களையும் பாடாக்களையும் எழுதவும் அதே புள்ளிகள் போதும். அவற்றை எழுத அங்கிருந்தே ஒருவர் வர வேண்டும். வந்தவர் எழுதியதை நம்ப அலுவலகத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.